ஏழு ஐங்காலிகள்

நியாம்வூலாவின் கை சும்மா இருந்து மகள் சௌமு பார்த்ததில்லை. எங்கே உட்கார்ந்தாலும் ஒரு தென்னோலையை உருவிக்கொள்வாள். நகத்தால் இருபுறத்துப் பச்சையையும் கிழித்து எறிந்துவிட்டு, மிஞ்சிய ஈர்க்கின் மெல்லிய நுனியில் ஒரு சுருக்குப் போடுவாள். சுண்டுவிரலை அதற்குள் விட்டு மெதுவாக இழுத்துப் பார்ப்பாள். சரியாக இறுகினால் அவிழ்த்துத் தூர எறிந்துவிட்டு அடுத்த ஓலையை எடுப்பாள். ஆஸ்பத்திரி வரிசையிலும் இதே வேலை. கல்யாண வீட்டில் தேங்காய் துருவும் பெண்களுக்கு நடுவிலும் இதே வேலை. சௌமு பட்டம் வாங்கிய நாளில், அங்கியும் குல்லாவுமாக மேடையிலிருந்து இறங்கி வந்து பார்த்தபோது, அம்மாவின் நாற்காலியைச் சுற்றி நாலைந்து சுருக்குகள் கிடந்தன. பக்கத்து நாற்காலிப் பெண்மணி பட்டுத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை நகர்த்திக்கொண்டாள். சௌமு அவற்றைச் செருப்பு நுனியால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். அம்மா அதைப் பார்த்தாளா, பார்க்கவில்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேல்தான் கோபம் வருகிறது.

ஊரில் நியாம்வூலாவுக்குப் 'பல்லிக்காரி' என்று பெயர். அது செல்லப் பெயரில்லை. அந்தக் கரையில் பல்லி என்றாலே யாருக்கும் ஆகாது. இபுறாகீம் நபியைப் போட்ட நெருப்பை ஊதிப் பெரிதாக்கியது அதுதான் என்று சொல்லி, சுவர்ப் பல்லிக்குக் 'காஃபிர் பல்லி' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். ஒரே அடியில் கொன்றால் நன்மை அதிகம். நியாம்வூலாவும் சளைத்தவளில்லை. சமையலறைச் சுவரில் ஒன்று தலைகாட்டினால் ரப்பர் செருப்பால் ஒரே அடிதான். ஆனால் காட்டுப் பாறையில் வெயில் காயும் ஐங்காலியைக் கண்டால் நின்று சலாம் சொல்வாள்.

"அதுவும் பல்லிதானேம்மா?" என்று சின்ன வயதில் சௌமு கேட்டாள்.

"அது நம்ம சோத்துப் பானையில எச்சம் போடுதா? இல்லல்ல? அதோட வீட்டுல அது இருக்கு, நம்ம வீட்டுல நாம இருக்கோம். அடுத்தவன் வீட்டுக்குள்ள கேக்காம வர்றவன்தான் காஃபிரு. போ, தண்ணி கொண்டா."

ஐங்காலி சுண்டுவிரல் நீளம் இருக்கும். பகலில் நடமாடும். ஆணுக்குத் தொண்டை மஞ்சள், அதில் மூன்று கறுப்புக் கோடு. விரல்களில் இருப்பதுபோலவே வால் நுனியின் அடியிலும் ஒட்டுப் பட்டை இருக்கிறது. பாறையின் அடிவயிற்றில் நாலு காலையும் விட்டுவிட்டு வாலால் மட்டும் தொங்கிக்கொண்டு ஈ பிடிக்கும். அதனால்தான் நியாம்வூலாவின் இனமான திகோ மக்கள் அதற்கு ஐந்து கால் என்று கணக்கு வைத்தார்கள்.

சௌமுவுக்கு நாலு வயதாக இருந்தபோது பல்லிகளை ஆராயும் வெள்ளைக்காரர் டாக்டர் ஃப்ளெமர் வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் போட்டு, பல்லி பிடித்துத் தர ஆள் கேட்டார். ஆண்கள் ஒருவர்கூட வரவில்லை. தொட்டால் குஷ்டம் வரும் என்றார்கள். நியாம்வூலாவின் புருஷன் அந்த வருஷம்தான் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டித் தங்கா பக்கம் போயிருந்தான். வீட்டில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர ஒன்றுமில்லை.

"குஷ்டம் வர்றதுக்குள்ள அரிசி வந்தா போதும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

ஃப்ளெமர் அதுவரை ரப்பர் வளையத்தைச் சுண்டிப் பல்லியை அடித்துக்கொண்டிருந்தார். பாதிக்கு வால் போயிருக்கும், மீதிக்குத் தலை நசுங்கியிருக்கும். நியாம்வூலா ஈர்க்குச் சுருக்கைக் கழுத்தில் மாட்டி ஒரு சொடுக்குச் சொடுக்குவாள். வால், விரல், தோல் எல்லாம் முழுசாக வரும். முதல் வாரமே நாற்பது. மாமரத்துச் சின்னப் பல்லிகள்தான் அதிகம். அவற்றோடு ஒரு நாள் ஓர் ஐங்காலியையும் கொண்டுவந்து வைத்தாள். ஃப்ளெமர் பார்த்துவிட்டு மாமரத்துப் பல்லிகளைப் போட்டு வைத்திருந்த சாராயப் பாட்டிலிலேயே அதைப் போட்டார்.

அவள் பாட்டிலுக்குள் கை விட்டு அதை வெளியே எடுத்துவிட்டாள். கை முழுக்கச் சாராய வாடை.

"இது வேற, அது வேற, ஐயா."

ஃப்ளெமர் பேசிய சுவாஹிலி கல்லில் தடுக்கித் தடுக்கி நடக்கும். "ரெண்டும் ஒண்ணுதான். இது ஆண், அது பெண். கொஞ்சம் நிறம் மாறும்."

"ஆணா? அந்தப் பாட்டில்ல இருக்கறதுல பாதி ஆணு. தூக்கித் தொடைக்கு நடுவுல பாருங்க."

கார் ஓட்டி வந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். நியாம்வூலா சிரிக்கவில்லை. "ஆணுக்கு அங்க ஒரு புள்ளி வரிசை இருக்கும். மாமரத்துக்காரனுக்கு ஆறு புள்ளி. பாறைக்காரனுக்கு ஒம்போது. நான் முப்பது பேருக்கு எண்ணிட்டேன். பிடிச்சு, எண்ணி, விட்டுட்டேன். ஒருத்தனுக்குக்கூட எட்டு இல்ல, பத்து இல்ல. மாமரத்துக்காரி பட்டைக்கு அடியில முட்டை வைப்பா. பாறைக்காரி கல் இடுக்குல ரெண்டு முட்டைய ஒட்ட வச்சிட்டுப் போவா. ஒருத்தி இன்னொருத்தி வீட்டுக்குப் போறதில்ல. அப்புறம் எப்படி ஒண்ணு?"

எழுதப் படிக்கத் தெரியாதவள். மறுநாள் மத்தியானம்வரை ஃப்ளெமர் பூதக்கண்ணாடியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு புதுப் பாட்டில் ஒன்றை எடுத்தார், புது எண் எழுதினார். அன்றைக்கு அவளுக்கு ஒரு பொட்டலம் சர்க்கரை கூடுதலாகக் கிடைத்தது.

"இன்னும் வேணும்" என்றார். "ஒண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் இன்னும் ஆறு கொண்டுவந்தாள். மொத்தம் ஏழு. ஒவ்வொன்றின் காலிலும் நூலால் ஒரு துண்டுக் காகிதம் கட்ட வேண்டும். அதில் எழுத ஃப்ளெமர் பேனாவைத் திறந்துகொண்டு, "எங்கே பிடித்தது?" என்று கேட்டார்.

காயா முங்குலாவில் பிடித்தது. காயா என்றால் பார்வைக்குக் காடுதான்; பவளக்கல் குன்றின்மேல் நிற்கும் நூறு ஏக்கர் காடு. திகோ மக்களின் முன்னோர் குடியிருந்த இடம், அவர்கள் அடங்கியிருக்கும் இடம். அங்கிருந்து ஒரு காய்ந்த சுள்ளிகூட வெளியே வரக் கூடாது. வாதத்தில் ஜெயிப்பதற்காக நியாம்வூலா ஏழு உயிரைக் கொண்டுவந்திருந்தாள். அது முதல் குற்றம். இன்னொன்றும் இருக்கிறது. காயாவுக்கு வழி கேட்கும் வெளியாளுக்கு வேறு திசையைக் கைகாட்டுவது அங்கே பொய்யில் சேராது. அப்படித்தான் எல்லோரும் வளர்ந்திருக்கிறார்கள். குழந்தைகூட யோசிக்காமல் செய்யும்.

"குவாஜுனி" என்றாள் நியாம்வூலா. ஆறு கிலோமீட்டர் தள்ளி, பெரிய சாலையில் ஒரு புளியமரமும் சந்தையும் இருக்கும் இடம். ஃப்ளெமர் ஏழு காகிதத்திலும் குவாஜுனி என்று எழுதினார். அந்த வாரமே அவருக்கு மலேரியா வந்து ஊருக்குக் கிளம்பிவிட்டார். குவாஜுனியில் ஒரு கல்லையாவது புரட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஃப்ளெமர் எழுதிய கட்டுரையைச் சௌமு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கண்டாள். புதிய இனம்: லைகோடாக்டிலஸ் வாண்டர்ஹாலி. அதற்குப் பின்னால், வழக்கப்படி, ஃப்ளெமர் என்ற பெயரும் வருஷமும். வாண்டர்ஹால் என்பவர் பயணச் செலவைக் கொடுத்த பிஸ்கட் கம்பெனி முதலாளி. அவர் அந்தக் கரைப் பக்கம் கால் வைத்ததேயில்லை. 'இரு இனங்களுக்கும் புள்ளி எண்ணிக்கையில் மாறாத வேறுபாடு இருப்பதைக் கவனித்தேன்' என்று எழுதியிருந்தது. கவனித்தேன்! கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் பதினாலு பேருடைய பெயர்கள். விமானச் சீட்டு ஏற்பாடு செய்தவரின் பெயர்கூட இருந்தது. அதற்குப் பிறகு, 'உள்ளூர்ப் பெண்மணி ஒருவரும் உதவினார்.'

அவள் அப்போதே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பிஸ்கட்டா?" என்றாள் அம்மா. "எந்த பிஸ்கட்டு?"

"அது எதா இருந்தா என்னம்மா! அந்தாளு பேரத்தான் வச்சிருக்காங்க."

"ஐங்காலின்னு ஒரு பேர் இருக்கே. அவரு கேட்டாரு, நான் சொன்னேன். எழுதிக்கிட்டாரே."

"எழுதல. ஒரு எடத்துலயும் இல்ல."

"பேர் இல்லாத பிள்ளைக்குத்தான் வழியில போறவன் பேர் வைப்பான். அதுக்குப் பேர் இருந்துச்சுடி" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்துவிட்டாள்.

அந்த வருஷத் தேர்வில், நாட்டின் அபூர்வ ஊர்வனவற்றில் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்ன கேள்விக்குச் சௌமு லைகோடாக்டிலஸ் வாண்டர்ஹாலியை எழுதினாள். பெயரின் இரண்டு சொற்களுக்கும் அடிக்கோடு போட்டாள். முழு மதிப்பெண். ஐங்காலி என்று ஓர் ஓரத்திலாவது எழுதியிருக்கலாமே என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொள்ள ஐந்து வருஷமாயிற்று.

அந்த ஐந்தாவது வருஷம் சிமெண்ட் கம்பெனி வந்தது. சௌமு அப்போது பக்கத்து நகரமான உகுண்டாவில் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சர். கம்பெனிக்குக் காயா முங்குலா குன்றின் சுண்ணாம்புக்கல் வேண்டும். அனுமதிக்கு முன்னால் அரசு ஆய்வுக் குழுவின் அறிக்கையை வட்டார அதிகாரியான சீஃபின் அலுவலகத்தில் ஒட்டியிருந்தார்கள். சௌமு அதைப் போனில் படம் எடுத்து வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். நியாம்வூலா வாசலில் உட்கார்ந்து கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தாள்.

அறிக்கை சொன்னது இதுதான். இப்பகுதியில் பாதுகாக்க வேண்டிய உயிரினம் ஒன்றே ஒன்று, அந்தப் பல்லி. அது குவாஜுனியில் மட்டுமே பதிவாகியுள்ளது. குவாஜுனியில் இப்போது பெட்ரோல் பங்கும் வேன் நிறுத்தமும் இருக்கின்றன. பல நாள் தேடியும் அது கிடைக்காததால் அழிந்துவிட்டதாகக் கருதலாம். காயா முங்குலாவில் அது இருந்ததாகப் பதிவு இல்லை. ஊர்ப் பெரியவர்கள் உள்ளே விட மறுத்ததால் குழு வெளியிலிருந்தே பார்வையிட்டது. ஆகவே குன்றை வெட்டத் தடையேதும் இல்லை.

நியாம்வூலா கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டாள்.

"குவாஜுனில அது எந்தக் காலத்துலயும் இருந்ததில்லையே."

"நீதானம்மா அங்க பிடிச்ச?"

"யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன! பேப்பர்லயும் அப்படித்தான் இருக்கு."

"அது வெள்ளக்காரனுக்குச் சொன்னது. காயாவக் கேட்டா வேற எத சொல்லுவாங்க?"

"இருபத்திரண்டு வருஷம்மா! ஒரு வார்த்த என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேட்டியா?" நியாம்வூலா எழுந்து நின்றாள். "பேர் போச்சுன்னு போன் போட்ட. மார்க்கு வந்துச்சுன்னு போன் போட்ட. எங்கம்மா பிடிச்ச, வா, எனக்குக் காட்டுன்னு ஒரு நாள் கேட்டியா? என்னயப் பத்தி அவன் எழுதுனத நீ படிச்சுட்டு, அதையே நம்பிட்டு உக்காந்திருந்த."

கிழங்கு கருகியது.

அவள் ஃப்ளெமருக்கு மின்னஞ்சல் எழுதினாள். இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது. மரியாதையான பதில். மாதிரியின் காலில் கட்டிய சீட்டுத்தான் அறிவியலுக்குச் சான்று. இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒருவருடைய ஞாபகத்தை நம்பி இனம் கிடைத்த இடத்தை மாற்ற முடியாது. நிலத்தகராறு வரும்போது இப்படி ஞாபகங்கள் புதிதாக முளைப்பது அவர் பல நாடுகளில் கண்டதுதான். கடைசி வரியில், 'எங்கள் கூடாரத்தின் சமையற்காரப் பெண்மணியை அன்போடு நினைக்கிறேன்.'

"சமையக்காரியா?" அம்மாவின் குரல் நாலு வீட்டுக்குக் கேட்டது. "அந்தாளுக்கு நான் ஒரு டீத்தண்ணிகூடப் போட்டதில்லடி! டின் மீனத் தின்னுட்டு மூணு வாரம் வயித்தப் பிடிச்சிட்டு அலைஞ்சான். நான் சமைச்சிருந்தா பொழச்சிருப்பான்!"

சிரிக்க வேண்டிய பேச்சுத்தான். இருவரும் சிரிக்கவில்லை.

பொதுக் கூட்டம் சீஃப் அலுவலகத்து மாமரத்தடியில் நடந்தது. மேசைக்குப் பின்னால் சீஃப், கம்பெனிக்காரர்கள் மூவர், ஆய்வுக் குழுவின் டாக்டர் முத்தோக்கா. எதிரே ஊர். முன்வரிசையில் காயாவின் ஒன்பது பெரியவர்கள், கறுப்புத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் முவேரோ, நியாம்வூலாவின் தாய்மாமன். தாய்வழிதான் அங்கே வழி; மாமன் சொல்லுக்கு மேல் அவளுக்குச் சொல் கிடையாது.

நியாம்வூலா எழுந்ததும் பின்னால் ஒருவன், "பல்லிக்காரி பேசப் போறா, செருப்பக் கையில எடுங்கப்பா!" என்றான். கூட்டம் சிரித்தது.

"எடு" என்றாள் அவள் திரும்பிப் பார்த்து. "நான் சொல்லி முடிச்சதும் உனக்கு அது வேண்டியிருக்கும்." பிறகு மாமனைப் பார்த்தபடியே சொன்னாள். "இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால நான் காயாவுக்குள்ளருந்து ஏழு உயிர வெளிய கொண்டு போனேன். எடத்த மாத்திக் குவாஜுனின்னு சொன்னேன். ஐங்காலி அழியல. காயாவுல இருக்கு. இன்னைக்கும் இருக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. காயாவிலிருந்து பச்சை விறகு எடுத்தவனை ஊரை விட்டே அனுப்பிய காலம் முன்வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் நினைவிருந்தது.

முவேரோ கைத்தடியை ஊன்றி எழுந்தார். "எத்தன?"

"ஏழு, மாமா."

"எதுக்கு?"

"அது வேற இனம்னு அந்தாளுக்கு நிரூபிக்க."

"நிரூபிச்சு உனக்கு என்ன கெடச்சுது?"

"ஒரு பொட்டலம் சர்க்கரை."

முத்தோக்கா தொண்டையைச் செருமினார். சின்ன வயசுக்காரர், நல்ல முகம். "அம்மா, நீங்க சொல்றது மனசத் தொடுது. ஆனா வெறும் வாய்வார்த்தைய வச்சு அறிக்கைய மாத்துறதுக்கு வழியில்ல."

நியாம்வூலா மேசைக்கு அருகிலேயே போய்விட்டாள். "வாய்வார்த்தைய வச்சுத்தானே ஐயா இத்தன வருஷமா குவாஜுனின்னு எழுதிட்டிருக்கீங்க? அதுவும் இதே வாய்தான். பொய் சொன்னப்ப நம்புனீங்க. பேப்பர்ல அச்சடிச்சீங்க. என் மக பரிட்சையில எழுதுனா, மார்க்கு குடுத்தீங்க. அதே வாய் நெசத்தச் சொன்னா மட்டும் செல்லாதா?"

முத்தோக்கா அறிக்கையின் பக்கத்தைப் புரட்டினார். புரட்டிய பக்கத்தில் ஒன்றும் இருந்திருக்காது.

"உள்ள போய்ப் பார்க்க விட்டா..." என்றார் கடைசியில்.

"வெளியாளுக்கு உள்ள எடமில்ல" என்றார் முவேரோ.

நியாம்வூலா மாமன் பக்கம் திரும்பினாள். அவரிடம் அவள் குரலை உயர்த்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. "குன்ற லாரியில ஏத்திட்டுப் போனப்புறம் எந்த வாசலக் காப்பீங்க, மாமா? நானும் காயாவக் காப்பாத்துறேன்னுதான் பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் இப்ப வெடி வச்சிட்டு வந்திருக்கு. நீங்களும் அதையே பண்ணாதீங்க!"

ஒன்பது பேரும் மாமரத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசினார்கள். கம்பெனிக்காரர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்த முவேரோ தீர்ப்புச் சொன்னார். முத்தோக்கா ஒருவர் மட்டும் உள்ளே வரலாம். செருப்பு கூடாது, இடுப்பில் கறுப்புத் துணி கட்ட வேண்டும், ஓர் இலைகூட வெளியே வரக் கூடாது. நியாம்வூலா வழி காட்டுவாள். எடுத்ததைத் திருப்பிச் சேர்க்கும்வரை அதுதான் அவள் காயாவுக்குள் வைக்கும் கடைசி அடி.

"கறுப்புக் கோழி ஒண்ணு குடுத்துரு. அது தண்டம். எடுத்தது தனி. ஏழையும் எடுத்த பாறையிலயே கொண்டுவந்து சேக்கணும். செத்ததுன்னாலும் சரி, எலும்புன்னாலும் சரி. சேக்குறவரைக்கும் உனக்கு உள்ள வழியில்ல."

"கொண்டாறேன்" என்றாள் நியாம்வூலா உடனே.

ஓர் இனத்துக்குப் பெயர் வைக்க ஆதாரமாக இருந்த மாதிரிகள் என்றால் என்ன, அவற்றை அருங்காட்சியகங்கள் எப்படிப் பூட்டி வைக்கும் என்பது அந்தக் கூட்டத்தில் இருவருக்குத்தான் தெரியும்: முத்தோக்காவுக்கும் சௌமுவுக்கும். இருவருமே வாயைத் திறக்கவில்லை. சௌமுவுக்கு அந்த நிமிஷத்தில் குன்று பிழைத்தால் போதும் என்றிருந்தது. சும்மா இருந்து அம்மாவின் பேரில் எதை ஒப்புக்கொண்டோம் என்று அவள் நின்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு உள்ளே போனார்கள். சௌமு எல்லைக் கல்வரை போய் நின்றுகொண்டாள். மீதியை முத்தோக்காவே பின்னால் அவளிடம் சொன்னார். பவளக்கல் கால் முழுக்கக் கீறியது. நியாம்வூலா திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். மூன்றாவது பாறையில் நின்று, கையிலிருந்த ஈர்க்கை நீட்டினாள். ஒரு சொடுக்கு. மஞ்சள் தொண்டையோடு ஓர் ஆண் காற்றில் துள்ளியது.

முத்தோக்காவின் கை தானாகப் பைக்குள் போனது. உள்ளே சாராயப் பாட்டில் இருந்தது. "ஒண்ணே ஒண்ணும்மா. அருங்காட்சியகத்துல இருக்கறதோட ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் யாரும் மறுக்க முடியாது."

"அது உசிரோட இருக்குன்னு காட்ட அதச் சாகடிக்கணும்! இதத்தான் காலேஜுல சொல்லித் தர்றாங்களா? என் மகளுக்கும் இதத்தானா சொல்லித் தந்தாங்க?"

அவள் மடியிலிருந்து ஒரு காலி ஜாம் பாட்டிலை எடுத்தாள். பல்லியை அதற்குள் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். கண்ணாடியில் அதன் வயிறு, விரல் பட்டைகள், வாலடி எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. முத்தோக்கா கேமராவை நெருக்கிப் படம் எடுத்தார். எண்ணினார்.

"ஒன்பது" என்றார்.

"இன்னொரு தடவ எண்ணுங்க. படிச்சவங்க எண்ணுனாத்தான ஒம்போது ஒம்போதாகும்?"

அன்றைக்குப் பதினொன்றைப் பிடித்து, எண்ணி, பிடித்த கல்லிலேயே விட்டார்கள். ஒன்றுக்குக்கூட எட்டு இல்லை, பத்து இல்லை.

குன்று பிழைத்தது. கம்பெனி தெற்கே இன்னொரு குன்றுக்குப் போயிற்று. அங்கே பெயர் வைக்கப்பட்ட பல்லி எதுவும் இல்லாததால் யாரும் கூட்டம் போடவில்லை. எட்டு மாதம் கழித்து முத்தோக்கா தன் கட்டுரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். நன்றி சொல்லும் இடத்தில் அம்மாவின் பெயர் முழுதாக, பிழையில்லாமல் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார். மனுஷர் கெட்டவரில்லை. ஆனால் தலைப்பில், 'அழிந்ததாகக் கருதப்பட்ட பல்லியின் மறுகண்டுபிடிப்பு' என்றிருந்தது. ஆசிரியர், முத்தோக்கா.

சௌமு படித்துச் சொன்னதும் நியாம்வூலா கேட்டாள். "மறுபடி கண்டுபிடிச்சாரா? தொலைஞ்சது யாருக்கு?"

முத்தோக்கா டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்துவிட்டார்.

ஏழு பல்லிகளுக்காகச் சௌமு எழுதத் தொடங்கினாள். அம்மா சொல்லச் சொல்ல முதல் கடிதம். அதில் வசவுகளை மட்டும் அவள் நீக்கினாள். ஃப்ளெமர் பதில் போடவில்லை. அந்த ஏழையும் வைத்திருந்த வெளிநாட்டு அருங்காட்சியகம் போட்டது. அந்த ஏழும் உலக அறிவியலின் பொதுச் சொத்து. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு இரவலாகத் தரலாம். புதைப்பதற்கு என்று தரும் நடைமுறை இல்லை. வேண்டுமானால் உயர்தரப் படங்கள் இலவசம்.

படங்கள் வந்தன. வெளிறிய ஏழு உடல்கள், ஏழு காலிலும் ஃப்ளெமரின் கையெழுத்தில் குவாஜுனி. முவேரோ அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நியாம்வூலாவிடமே கொடுத்தார்.

"படத்தக் கொண்டுபோய்ப் பாறையில விட்டா ஊர்ந்து போயிருமா?" என்றார். அவர் ஏளனம் செய்யவில்லை. அவருக்கும் வழி தெரியவில்லை.

அதன் பிறகு இரண்டரை வருஷம், மழை கேட்டு ஊர் காயாவுக்குள் போகும்போதெல்லாம் நியாம்வூலா எல்லைக் கல்லுக்கு வெளியே நின்றாள். குன்றைக் காப்பாற்றியவள் வெளியே, அவளைப் பார்த்துச் செருப்பை எடுக்கச் சொன்னவன் உள்ளே. சௌமுவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தரம் பெரியவர்களிடம் சண்டைக்கே போனாள். அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

"அவங்கள ஏன் திட்டுற? எடுத்தவ நான். வச்சிருக்கவன் அங்க இருக்கான். அவனத் திட்டு. எழுது, இன்னொண்ணு எழுது. இந்தத் தடவ நான் சொல்ற வார்த்தைய விடாம எழுது."

போன ஏப்ரல் மழையில், சிறுநீரகம் கெட்டு, ஒன்பது நாள் படுக்கையில் கிடந்து நியாம்வூலா இறந்தாள். முற்றத்தில் உடலைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்குவதற்கு முன்னால் இமாம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். இறந்தவர் யாருக்காவது கடன்பட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், வாரிசுகள் ஏற்றுக்கொள்ளட்டும். எண்பது வயது முவேரோ கைத்தடியை ஊன்றி முன்னால் வந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"காயாவுக்கு ஏழு" என்றார்.

இமாமுக்குப் புரியவில்லை; அவர் புதிது. பெண்கள் நின்றிருந்த பக்கத்திலிருந்து சௌமு, "நான் ஏத்துக்கறேன்" என்றாள். துக்கத்தில் வரும் குரலாக அது இல்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

இதுவரை பத்தொன்பது கடிதம் போயிருக்கிறது. கடைசியாக எழுதிய நான்கில் அம்மா சொல்லிவிட்டுப் போனதில் ஒரு சொல்லையும் அவள் நீக்கவில்லை. அம்மாவின் வசவுகளும் அப்படியே போயின. அவற்றுக்குப் பதிலில்லை. ஏழும் அங்கே கண்ணாடிக்குள், சாராயத்தில் கிடக்கின்றன. ஒன்றுகூட வந்து சேரவில்லை.